சேர்த்து வைப்பது ஒப்புரவு ஆகாது

“எல்லா ஊட்லயும் இருக்கறதுதான் கண்ணு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

இதைச் சொன்னவன் நான். ஜேடர்பாளையம் வட்டாரத்தில் ஒரு சிறிய சபையில் மூப்பராக இருந்த காலத்தில், போதகர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வெல்ல ஆலையில் கூலி வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு என் மகள் வயது. ஆண்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அவள் கணவனுக்குப் போதகர் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தது. அவள் கதவோரம் நின்றாள். கேள்வியெல்லாம் அவளிடம்தான் கேட்டோம். நேரத்துக்குச் சமைக்கிறாயா, எதிர்த்துப் பேசினாயா, மாமியாரிடம் எப்படி நடந்துகொள்கிறாய், வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா. “ஐயா, கட்டையெடுத்து அடிக்கறாருங்க” என்று அவள் சொன்னதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினோம். அவனிடம் சொன்னது ஒரே வார்த்தை: “தம்பி, நீயும் கொஞ்சம் குடியைக் கொறச்சுக்கப்பா.” பிறகு எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தோம். அன்று மாலையே அவனோடு அனுப்பி வைத்தோம்.

அந்த ஞாயிறு ஆராதனையில் அது சாட்சியாக அறிவிக்கப்பட்டது. பிசாசு பிரிக்கப் பார்த்த குடும்பத்தைக் கர்த்தர் சேர்த்து வைத்தார் என்று போதகர் சொன்னபோது சபை கைதட்டியது. நானும் தட்டினேன். மூன்று மாதம் கழித்து அவள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சபைக்கு வரவில்லை.

அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். பிரிந்து வந்த தம்பதியை ஒரே கூரைக்குள் திருப்பி அனுப்பிவிட்டால் ஒப்புரவு நடந்துவிட்டது என்கிற நம்பிக்கை அது. பிரிந்து நிற்பது பாவம், எப்படியாவது சேர்ந்து கிடப்பது பக்தி. பொறுத்துக்கொண்டு ஜெபிக்கிற மனைவி ஒருநாள் கணவனை ஆண்டவரிடம் கொண்டுவருவாள். குடும்பம் உடையாமல் பார்த்துக்கொள்வதே சபையின் வேலை. சேலம், நாமக்கல் சமவெளியில் மட்டும் கேட்கிற பேச்சில்லை இது. கன்னியாகுமரி முதல் சென்னை வரை, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்ற பேதமில்லாமல் கேட்கலாம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், மனதார நன்மை நினைப்பவர்கள். நல்ல மனிதர்கள் நல்ல மனதோடு செய்கிற தவறாக இருப்பதால்தான் இது இத்தனை காலம் கேள்வி கேட்பாரில்லாமல் நிற்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாச் சண்டையையும் நான் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. கடன் தொல்லை, மாமியார் பேச்சு, லாரி ஓட்டப் போனவர் மாதக் கணக்கில் வீடு திரும்பாதது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற தகராறு என்று எத்தனையோ பிணக்குகளைச் சபைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன். அது அருமையான ஊழியம். ஒரு நீதிமன்றத்தால் அதைச் செய்ய முடியாது. ஆனால் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழ்கிற வீடு வேறு. அங்கே நடப்பது பிணக்கு இல்லை, கொடுமை. பிணக்குக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுமைக்குக் கொடுத்தால், அடிக்கிறவன் கையில் இன்னொரு கட்டையை எடுத்துக் கொடுத்ததாக ஆகும். தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாக 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்து வரிசைகளைப் பார்த்துக்கொண்டு இந்த எண்ணை நினைத்துப் பாருங்கள்.

வேதத்திலிருந்தே தொடங்குவோம். சேர்த்து வைப்போர் தங்கள் பக்கம் வேதம் இருப்பதாகத்தான் நம்புகிறார்கள். மணமுறிவைக் கடவுள் வெறுக்கிறார் என்பதற்கு மல்கியா இரண்டாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். வீட்டை விட்டு வந்த பெண்ணை உட்காரவைத்து அவளுக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டுவார்கள். மல்கியா அங்கே யாரோடு பேசுகிறார் என்று முன்னும் பின்னும் நாலு வசனம் சேர்த்து வாசித்தால் தெரிந்துவிடும். இளவயதில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களை நோக்கித்தான் தீர்க்கதரிசி சினந்து பேசுகிறார். பலிபீடத்தைக் கண்ணீரால் நனைத்தும் உங்கள் காணிக்கை ஏன் ஏற்கப்படவில்லை தெரியுமா என்று அவர்களைத்தான் கேட்கிறார். அதே வசனத்தின் பின்பாதியில் கொடுமையும் கண்டிக்கப்படுகிறது. ஆண்களைக் கண்டித்த வசனத்தின் முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, அடிபட்ட பெண்ணின் கையில் கொடுக்கிறோம்.

அடுத்தது மன்னிப்பு. ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொன்னாரே இயேசு என்பார்கள். சொன்னார், மத்தேயு 18இல். அதற்கு ஐந்தாறு வசனம் முன்னால், அதே அதிகாரத்தில், தப்புச் செய்த சகோதரனை என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். முதலில் தனியாகச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போய்ச் சொல். அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடுக்கவில்லை என்றால் அவனை அந்நியனாக வை. இந்தப் படிக்கட்டில் ஒரு படியையாவது நாங்கள் அன்றைக்கு அவன் விஷயத்தில் ஏறினோமா? வேறு மதத்தில் மணம் முடித்தவருக்குத் திருவிருந்தை நிறுத்தத் தெரிந்த சபைகள் இருக்கின்றன. சந்தா பாக்கி வைத்தவரின் பெயரைத் தேர்தல் பட்டியலிலிருந்து எடுக்கத் தெரிந்த சபைகள் இருக்கின்றன. மனைவியை அடித்ததற்காகத் திருவிருந்து நிறுத்தப்பட்ட ஒருவரையும் என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

என்னை உலுக்கியது மத்தேயு 5ஆம் அதிகாரம். காணிக்கையோடு பீடத்துக்கு வந்து நிற்கிறவனைப் பற்றி இயேசு பேசுகிறார். தன்மேல் இன்னொருவருக்கு மனக்குறை இருப்பது அங்கே அவன் நினைவுக்கு வந்தால், கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதைச் சரிசெய்துவிட்டு வரவேண்டும் என்கிறார். எத்தனையோ தடவை இதன்மேல் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். யார் நடக்கவேண்டும் என்பதை மட்டும் கவனித்ததில்லை. குறை யார்மேல் இருக்கிறதோ அவன்தான் நடக்கவேண்டும். புண்பட்டவளைக் கிளம்பி வரச் சொல்லவில்லை இயேசு. நாங்கள் அதை அப்படியே தலைகீழாக்கினோம். கையை உடைக்கப்போகிறவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவளை நடக்கவைத்தோம்.

யோசேப்பின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. தன்னைக் குழியில் தள்ளி விற்றுப்போட்ட அண்ணன்மார் பஞ்சத்தில் எகிப்துக்கு வந்து நிற்கிறார்கள். அவன் மன்னித்தான் என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லையே அவன். யாரென்று காட்டிக்கொள்ளாமல் சோதித்தான். சிமியோனைப் பிடித்து வைத்தான், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொன்னான். ஒருகாலத்தில் தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன யூதா, இப்போது இன்னொரு தம்பிக்காகத் தன்னையே அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிற வரைக்கும் காத்திருந்தான். அவர்கள் மாறிவிட்டார்கள் என்று கண்ணால் கண்ட பிறகுதான் அழுது தன்னை வெளிப்படுத்தினான். மன்னிப்பு யோசேப்பின் மனதில் எப்போது நடந்ததோ தெரியாது. ஒப்புரவு நடந்தது யூதா பேசி முடித்த பிறகு.

“இதெல்லாம் மேல்நாட்டுப் பேச்சு, பெண்ணியம் சபைக்குள் நுழைகிறது” என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் 1869இல் ஆங்கிலேயர் போட்டது. அதன்படி கணவன், மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. சோரத்தோடு கொடுமையோ, இரண்டாண்டு கைவிடுதலோ, வேறு பெருங்குற்றமோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். வெறும் கொடுமை மட்டும் என்றால், எலும்பு முறிந்திருந்தாலும், விவாகம் ரத்தாகாது. இந்த ஓரவஞ்சனையை இங்கிலாந்து 1923இலேயே தன் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. நாம் அதைச் சுமந்துகொண்டே இருந்தோம். 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மேரி சோனியா சக்கரியா வழக்கில், இந்தப் பிரிவின் அநியாயமான பகுதிகளை அடித்துப்போட்டது. கொடுமை மட்டுமே தனிக் காரணமாக நாடு முழுவதற்கும் ஏற்கப்பட்டது 2001இல்தான். 132 ஆண்டுகள்! அதற்காகப் பல்லாண்டு போராடியவர்கள் இந்த மண்ணின் கிறிஸ்தவப் பெண்கள். மேல்நாட்டிலிருந்து வந்தது அந்தப் பழைய சட்டம். எதிர்ப்பு இங்கே பிறந்தது.

கத்தோலிக்கச் சகோதரர்கள் எங்கள் திருமணம் முறிக்க முடியாத அருட்சாதனம் என்பார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவே, துணைவரால் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பேராபத்து நேர்ந்தால் பிரிந்து வாழலாம் என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை, தானாகவே வெளியேறலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய ‘அமோரிஸ் லெத்தீசியா’ மடலின் 241ஆம் பத்தியில், பலவீனமான துணையையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிவது சில வேளைகளில் அறநெறிப்படியே அவசியமாகிறது என்கிறார். அனுமதி என்பதோடு நிற்கவில்லை, அவசியம் என்கிறார். ரோமையில் எழுதியதை நம் பங்குப் பேரவையில் யாராவது வாசித்துக் காட்டியிருக்கிறார்களா?

பிரிந்து நிற்பது என்றாலே எல்லாம் முடிந்தது என்று பயப்படுகிறோம். எங்கள் ஊர் விவசாயி அப்படி நினைக்கமாட்டார். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வாழைக்கும் கரும்புக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அந்தத் தண்ணீர்தான் உயிர். வாய்க்கால் கரை அரித்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? ஷட்டரை அடைக்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மேஸ்திரியாலும் கரை கட்ட முடியாது. அடைத்த நாளில் பயிர் வாடுமே என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் அடைக்காமல் மராமத்து இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். உடைப்பு எடுத்த கரைக்குக் கீழே இருக்கிற வயலைப் பார்த்து, “நீ கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று இங்கே எவரும் சொன்னதில்லை. ஒரு பெண் ஆறு மாதமோ ஒரு வருஷமோ பாதுகாப்பான இடத்தில் இருக்க, அந்தக் காலத்தில் கணவன் குடியை விட்டானா, சம்பளத்தைக் குழந்தைகளுக்கு அனுப்பினானா, தான் செய்ததைத் தன் வாயால் ஒப்புக்கொண்டானா என்று சபை கூடவே நின்று பார்த்தால் அது குடும்பத்தைக் கெடுப்பதா? கட்டுவதற்கு அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அத்தனைக்குப் பிறகும் அவளுக்குத் திரும்பிப் போக மனமில்லை என்றால், அந்த முடிவு அவளுடையது.

பாடுகளைச் சுமப்பதே கிறிஸ்தவம் என்கிற வாதம்தான் எல்லாவற்றிலும் பெரியது. சிலுவையைக் காட்டிச் சொல்லும்போது யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை. அதற்கு விடை எங்கள் மாவட்டத்து மலையிலிருந்தே கிடைத்தது. மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்துக் கொல்லிமலை ஏறினார்கள். மருந்து, பள்ளி, விவசாயம் என்று இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்த பிறகும் எவலின் இந்த மலைகளை மறக்கவில்லை. பின்னாளில் மலைக்கே திரும்பி வந்து, 1974இல், 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்காக உழைத்தார். பாடு என்றால் என்னவென்று அந்தக் குடும்பத்துக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று தேடினார். சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். கீழே ரத்தம் சொட்டியது. சாவி எலும்பு வரைக்கும் கிழித்திருந்தது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி தெரியாததுதான் விரலைத் தின்கிறது என்று பிராண்ட் புரிந்துகொண்டார். வலி உடம்புக்குக் கடவுள் கொடுத்த காவல் என்பதை அதன்பின் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெல்ல ஆலைப் பெண்ணின் வலியும் அப்படி ஒரு காவல்தான். இந்த வீட்டில் ஏதோ பெரிய கோளாறு, யாராவது வாருங்கள் என்று அது கூப்பிட்டது. கூப்பிட்ட குரலை நாங்கள் ஜெபத்தால் அமுக்கினோம். அவளுக்கு வலி மரத்துப்போக வேண்டும், அதுதான் விசுவாசம் என்றோம். உடம்பில் ஓரிடத்தில் வலி மரத்துப்போனால் உடம்பு குணமானதாக ஆகாது என்று கொல்லிமலைப் பிள்ளை வேலூரில் கண்டுபிடித்துச் சொல்லி முக்கால் நூற்றாண்டாகிறது. சபையைக் கிறிஸ்துவின் உடல் என்று பவுல் சொல்லுகிறார். ஓர் உறுப்பு நொந்தால் மற்ற உறுப்புகளும் கூடவே நோகும் என்கிறார். நாங்கள் ஐந்து பேரும் அன்று மாலை வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினோம்.

இனி நடைமுறைக் கேள்வி. “வெளியே வந்தால் எங்கே போவாள்? சோறு யார் போடுவது?” இது நியாயமான கேள்வி. ஆனால் இதைச் சபை அவளிடம் கேட்கக்கூடாது, தன்னிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். குடிகாரக் கணவரை விட்டு வந்த மேரி ராய், பிள்ளைகளோடு ஊட்டியில் தன் அப்பாவின் வீட்டில் ஒண்டியிருந்தார். அங்கிருந்தும் கிளப்பப் பார்த்தார்கள். அந்தக் கூரைக்காகத் தொடங்கிய போராட்டம்தான் 1986இல் உச்ச நீதிமன்றத்தில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சமமான சொத்துரிமையாக முடிந்தது. ஒரு பெண் இரவு தங்க ஓர் அறை கொடுக்கச் சபைக்கு உச்ச நீதிமன்றம் தேவையா? நம்மிடம் பள்ளிகள் இருக்கின்றன, விடுதிகள் இருக்கின்றன, ஆண்டுக்கு ஒரு மாநாட்டுக்கு மட்டும் திறக்கிற மண்டபங்கள் இருக்கின்றன. பண்டிதா ரமாபாய் கேட்காவோனில் ஆதரவற்ற பெண்களுக்கு ஊர்போல ஓர் இல்லமே கட்டினார். ஆமி கார்மைக்கேல் நம் டோனாவூரில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிள்ளைகளுக்கு வீடு கட்டினார். ஆபத்தான வீட்டிலிருந்து வந்தவருக்குக் கதவைத் திறப்பது தமிழ்ச் சபைக்குப் புதிய பழக்கமில்லை.

“வெளியே தெரிந்தால் சாட்சி கெடும்” என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். இரவில் அவள் கத்தியது பக்கத்து வீட்டு முருக பக்தருக்கும், எதிர்வீட்டுக் கவுண்டரம்மாவுக்கும் எங்களுக்கு முன்னாலேயே தெரியும். எங்கள் சாட்சி என்னவென்று அவர்கள் அப்போதே எழுதிக்கொண்டார்கள்.

வெட்கத்தோடு இன்னொன்றைச் சொல்லவேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2006இல் விதிகள் வகுத்தார்கள். அதன் 14ஆம் விதி, ஆலோசனை என்று உட்காரவைத்தால் எப்படி நடத்தவேண்டும் என்று சொல்கிறது. இனி வன்முறை செய்யமாட்டேன் என்று எதிர்தரப்பு உறுதி எழுதித் தரவேண்டும். அடித்ததற்கு எந்த நியாயமும் அங்கே பேசக்கூடாது. பேசக்கூடாது என்பதை அவனுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். எந்த மதத்தையும் சாராத அரசின் விதி, மத்தேயு 5க்கு எங்கள் ஐந்து மூப்பர்களைவிட எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! நாங்கள் அவனிடம் உறுதி கேட்கவில்லை. அவளிடம் நியாயம் கேட்டோம். இருவரையும் தனித்தனியே விசாரிக்கவில்லை. அவன் முன்னால் நிற்கவைத்து அவளைப் பேசச் சொன்னோம். மேசையில் ஒரு பெண் மூப்பர்கூட இல்லை. 181 என்ற உதவி எண்ணையோ, மகளிர் காவல் நிலையத்தையோ சொல்லுவது விசுவாசக் குறைவு என்று நினைத்தோம்.

அவள் இப்போது வேறு ஊரில் தையல் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். அவள் அம்மாதான் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். “தப்புப் பண்ணிட்டேன் சாமி” என்று சொன்னேன். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, “நீங்க ஒருத்தராவது வந்தீங்களேய்யா” என்றாள். சபைக்கு வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து சபைக் குழுவில் பேசினேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும், கேட்கும்வரை திருவிருந்து கொடுக்கக்கூடாது என்றேன். பார்க்கலாம் என்றார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. போன மாதமும் அவன் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் வந்து பீடத்தண்டை முழங்காலிட்டான். அப்பமும் ரசமும் கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.